வெறும் வயிற்றில் ஊசி

என் மகளின் நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றும் நேரம் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். போர் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். நெஞ்சு படபடவென்று அடித்தது, உள்ளங்கை வேர்த்தது, செத்துவிடுவேன் என்று தோன்றியது. சாகவில்லை. திரும்பி வந்தபோது என் மச்சான் தட்டை மாற்றி முடித்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் பாகூர்க்காரர்கள், மரியாதையானவர்கள். "சம்பந்திக்கு இந்த எடம் புடிக்கலியா?" என்று மட்டும் கேட்டார்கள்.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. மணையில் உட்கார்ந்து மகள் கையைப் பிடித்துத் தாரை வார்க்க வேண்டியவன் நான். அங்கேயும் எழுந்து ஓடினால் எந்தச் சாக்கும் எடுபடாது.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை, டென்ஷன்தான் என்று மாத்திரை கொடுத்தார்கள். அம்மனிடமும் முறையிட்டேன். அப்படியும் பாதிப் படபடப்பு மிச்சம் இருந்தது. வில்லியனூரில் ஒரு அம்மா அக்குபஞ்சர் பார்க்கிறார், பயத்துக்கும் பார்க்கிறார் என்று என் வீட்டுக்காரி விசாரித்து வந்தாள்.

"ஊசி குத்துவாங்களாம். தாங்குவீங்களா?"

"ஆத்தாளுக்கு மூணு வருஷம் அலகு குத்திக்கினவன்கிட்ட கேக்குற கேள்வியாடி இது?"

தப்பு அங்கேதான் நடந்தது. எங்கள் குடும்பத்தில் உடம்பில் ஊசி ஏறுகிறது என்றால் அது அலகுதான். அதற்கு ஒரே முறைதான் எங்களுக்குத் தெரியும். முந்தின நாளே விரதம், விடிந்ததும் தலைக்குக் குளியல், குத்தும் இடத்தில் திருநீறு. அப்படிச் செய்தால் ரத்தம் வராது, வலியும் தெரியாது. நான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். எங்கே குத்துவார்கள் என்று தெரியாததால் திருநீற்றை உடம்பு முழுக்கப் பூசிக்கொண்டேன்.

அந்த அம்மா முதலில், "சாப்ட்டாச்சா ஐயா?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் யார் அப்படிக் கேட்டாலும் ஆச்சு என்றுதான் சொல்வோம். சொன்னேன்.

சட்டையைக் கழற்றியதும் பஞ்சை வைத்துக்கொண்டு யோசித்தார். "இது இன்னாங்க ஐயா, முதுவெல்லாம் துன்னூறு?"

"எடம் தெரியலம்மா. அதான் எல்லா எடத்துலயும் பூசிக்கினேன்."

அவர் தேவையான இடங்களை மட்டும் துடைத்தார். ஊசி தலைமயிர் மாதிரி இருந்தது. இதையா ஊசி என்கிறார்கள் என்று நினைத்தேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். ஒன்று உச்சந்தலையில், ஒன்று காதில். மூன்றாவது எங்கே ஏறியது என்று எனக்குத் தெரியாது.

கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். காலுக்குக் கீழே தலையணை. ஊசிகளை எடுத்துவிட்டிருந்தார்கள். அந்த அம்மா சர்க்கரைத் தண்ணீர் வைத்திருந்தார்.

"உண்மையச் சொல்லுங்க ஐயா, எப்ப சாப்ட்டீங்க?"

"நேத்து மத்தியானம்."

"வெறும் வயித்துல குத்துனா மயக்கம் வரும்னுதான கேட்டேன்!"

பஸ்ஸில் என் வீட்டுக்காரி கரிக்கலாம்பாக்கம் வரைக்கும் சிரித்தாள். "ஆத்தாளுக்கு மொழ நீளத்துக்கு அலகு குத்திக்கின ஆளு, ஒரு மயிரு கனம் ஊசிக்கு வுழுந்துட்டாரு. வெளிய சொல்லாதீங்க. அடுத்த வருஷம் அலகுக்கு ஒங்கள சேத்துக்க மாட்டாங்க."

அடுத்த வாரம் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனேன். சாமி குற்றம் ஆகுமோ என்று மனசு உறுத்தியது. அம்மனிடம், தாயே இது உனக்குக் குத்துவதில்லை, எனக்குக் குத்துவது என்று சொல்லிவிட்டுத்தான் இட்லியைத் தொட்டேன். இந்தத் தடவை படுக்க வைத்துக் குத்தினார். அம்மன் பேரைச் சொல்லிக்கொண்டே படுத்திருந்தவன் தூங்கிப்போனேன். என் குறட்டையில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டாராம்.

ஆறு தடவை போனேன். படபடப்பு ஒரேயடியாகப் போகவில்லை. வந்தால் சீக்கிரம் போயிற்று.

"எனுக்குக் கொறஞ்சது ஊசியாலயா, ஆத்தாளாலயாம்மா?" என்று கேட்டேன்.

"யாரா இருந்தாலும் சரிங்க ஐயா. டாக்டர் குடுத்த மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க."

முகூர்த்தத்தன்று மணையில் உட்கார்ந்தேன். மகள் கையை என் கைமேல் வைத்ததும் அது வந்தது. முதலில் உள்ளங்கை வேர்த்தது, அப்புறம் நெஞ்சு படபடத்தது. அப்படி வந்தால் மணிக்கட்டுக்கு மேலே மூன்று விரல் தள்ளிக் கட்டைவிரலால் அழுத்தச் சொல்லியிருந்தார் ஊசி குத்திய அம்மா. என் இரண்டு கையும் மகள் கைக்கு அடியில் இருந்தன. கீழே வைத்தால் தாரை நின்றுவிடும். வாசலைப் பார்த்தேன். என் வீட்டுக்காரி செம்பிலிருந்து தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தாள். என் பார்வை போன இடத்தை அவளும் பார்த்துவிட்டாள். செம்பை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, மறு கையால் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அழுத்திய இடம் தப்பு. முழங்கைக்குப் பக்கத்தில் அழுத்தினாள். மந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் சொல்ல முடியவில்லை. தண்ணீர் பாதி மாப்பிள்ளை கையிலும் பாதி என் வேட்டியிலும் விழுந்தது. தாலி ஏறுகிற வரைக்கும் அவள் விடவில்லை. நான் எழுந்திருக்கவும் இல்லை.