ஹீட்டர் வேண்டாம் என்ற மிருதங்கக்காரர்

மாலை 4.40. மாசி என்ற புறநகரில், தன் வீட்டு வாசலில், உறையிட்ட மிருதங்கத்தை அணைத்தபடி நின்றவரை முதன்முதலாகப் பார்த்தேன். பட்டு வேட்டி, அதன்மேல் தடித்த ஜாக்கெட். ஆறு மணிக்கு கிளென்ஃபீல்டில் ஒரு பெண்ணின் அரங்கேற்றம். அவர் வராமல் ஆட்டம் தொடங்காது. அழைத்துப்போகும் பொறுப்பு என்னுடையது.

மழையில் கார்கள் ஊர்ந்தன. விரல்கள் மரத்துப்போக, ஹீட்டரைப் போட்டேன். அவர் உடனே அணைத்து, மிருதங்கத்தைக் காட்டினார்.

"தம்பி, இவருக்குச் சூடு பட்டால் சுருதி ஏறிப்போடும்."

"எனக்குக் குளிருதே, சார்!"

"மேடையில வாசிக்கப்போறது நீங்களோ?"

சிரித்துவிட்டேன். அவர் மடியிலிருந்த உறையின்மேல் விரல்களால் தாளம் போட்டபடியே வந்தார்.

5.48க்கு, மண்டபத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால், போக்குவரத்து அடியோடு நின்றது. அவர் ஜாக்கெட்டைக் கழற்றி மிருதங்கத்தைச் சுற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார். கதவைத் திறந்து மழையில் ஓடினார். நின்ற கார்களை ஒவ்வொன்றாகத் தாண்டினார். நான் கண்ணாடியை இறக்கி, "ஓடுங்க சார், ஓடுங்க!" என்று கத்தினேன்.

நான் மண்டபத்தை அடைந்தபோது மணி 6.14. உள்ளே சலங்கையும் மிருதங்கமும் கேட்டன.