திரை அணைந்த நொடி

பன்னாட்டு இணைய வலைப்பொறியாளர்களின் மாநாடு சென்ற ஆண்டு புதுச்சேரிக் கடற்கரை விடுதியொன்றில் நடைபெற்றது. உரையாற்ற அழைக்கப்பட்டவர், தொலைபேசித் துறையிலிருந்து ஓய்வுபெற்ற என் மனைவி. தமிழரங்குகளில் பொன்னாடை பெற்றே பழகிய நான், துணைவராக உடன் சென்றேன். அங்கே எல்லோரும் கழுத்தட்டையில் நிறுவனத்தின் பெயரைப் படித்த பின்னரே முகத்தைப் பார்த்தனர். என் அட்டையில் நிறுவனம் ஏதுமில்லை, புன்னகைத்து நகர்ந்துவிட்டனர்.

"என்னங்க, இந்தப் பையக் கொஞ்சம் புடிங்க" என்று கூறி அவள் மேடையேறினாள். அடுத்த தெருவுக்கு அனுப்பும் செய்தியும் சென்னையைச் சுற்றியே வருகிறது, இணைய நிறுவனங்களின் வலைகளை இவ்வூரிலேயே ஒன்றோடொன்று இணைப்போம் என்று விளக்கினாள். நடுவில் அவள் பின்னாலிருந்த படத்திரை அணைந்தது. என் நெஞ்சில் மகிழ்ச்சி துள்ளியது. அந்த மகிழ்ச்சியை எண்ணி இன்றும் கூசுகிறேன். அவளோ படமின்றியே பேசி முடித்தாள். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

புதுச்சேரியின் சாரம் பகுதியிலுள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்புகையில் உண்மையைச் சொல்லிவிட்டுக் கேட்டேன்: "என் கூட்டங்கள்ல உனக்கும் இப்படி வயிறு எரிஞ்சுதா?"

"எரியாமயா? அதான் எப்பவும் கதவோரமா உக்காருவேன். எழுந்து போவ வசதியா இருக்கும்ல?" என்று சிரித்தாள்.

அதை அடக்கம் என்றே இத்தனை ஆண்டுகளும் நான் எண்ணியிருந்தேன்.