உரம் போடாத பாத்தி

எனக்குப் பொறுமை குறைவு. மண் ஆராய்ச்சிக்கு ஆகவே ஆகாத குணம் அது. இருந்தும் இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள், திருவிடந்தைக்கும் நெம்மேலிக்கும் நடுவே உப்பு ஏறிப்போன வயல்களில்தான் என் பிழைப்பு ஓடியது. வெயில் காய்ந்தால் சுண்ணாம்பு தெளித்த மாதிரி மண் வெளுத்துக் கிடக்கும். அதில் நெல் விளையுமா என்று பார்ப்பது எங்கள் வேலை. விளையாது என்று ஊரே சொல்லிவிட்ட பிறகும் பார்க்கிறோமே, அதற்குப் பெயர்தான் ஆராய்ச்சி.

ஒரு விவசாயி தன் நிலத்தைச் சோதனைக்குக் கொடுத்திருந்தார். அதைப் பாத்திகளாகப் பிரித்து, ஒன்றில் உப்பை முறிக்க ஜிப்சம் போட்டோம், ஒன்றில் பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு வளர்த்து மடக்கி உழுதோம், ஒன்றில் இரண்டும். இன்னொரு பாத்திக்கு மட்டும் ஒன்றுமே கிடையாது, வெறும் தண்ணீர். ஒன்றும் போடாததோடு ஒப்பிட்டால்தானே போட்டதன் அருமை தெரியும்? எந்தப் பாத்தி எங்கே என்பதை நம் இஷ்டத்துக்கு வைக்கக் கூடாது, சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தப் பட்டினிப் பாத்தி, சனியன், சரியாக ரோட்டோரத்தில் வந்து விழுந்தது.

மற்றதெல்லாம் பச்சைப் பசேலென்று நிற்க, பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது மஞ்சள் காமாலை கண்ட அந்த ஒன்றுதான். அதுவரை பொறுத்துக்கொண்டிருந்த விவசாயி, மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் ஆடிப்போய்விட்டார். அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார் நேராக வீட்டுக்கு வருவதில்லை. வயலை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் வாசல் ஏறுவார்கள்.

"இன்னாமா இது, பயிரே இப்டி கீதுன்னா பொண்ண எப்டி வளத்திருப்பான்னு கேக்க மாட்டாங்க? ஒரு கை யூரியா போட்டுக்கறேன். ஒரே ஒரு கை."

"ஒரு கை போட்டாலும் மொத்த சோதனையும் குப்பைக்குப் போயிடும்ணா."

"பொண்ணு வாழ்க்கைமா."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நான் அந்தப் பக்கம் போனதும் இவர் யூரியாவை வீசிவிடுவார் என்ற சந்தேகமும் இருந்தது. யோசித்து, ஒரு போர்டு வைத்தேன். வருகிறவர்களுக்கு இது சோதனைப் பாத்தி என்று புரியும், இவர் கையும் அடங்கும். தகரத்தில் சிவப்பு எழுத்து: 'அரசு ஆய்வு நிலம். அனுமதியின்றி யாரும் எதுவும் செய்யக் கூடாது.' நட்டுவிட்டு, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் மாப்பிள்ளையே வேனை ஓட்டிக்கொண்டு வர, வீட்டார் எல்லாரும் வந்தார்கள். போர்டைப் படித்தார்கள். இறங்கக்கூட இல்லை, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். நிலம் பறிபோகிற இடத்தில் சம்பந்தம் வேண்டாம் என்று சொந்தக்காரர் ஒருவரிடம் சொல்லி அனுப்பினார்கள். ஈசிஆர் எனும் அந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் அப்போதெல்லாம் வயலில் அரசாங்க போர்டு முளைத்தால், நிலத்தை எடுக்கப் போகிறார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். தினமும் அதே ரோட்டில் போய்வருகிற எனக்கு மட்டும் அது தோன்றவில்லை பாருங்கள்.

"கேசரி கிண்டி வெச்சிகினு உக்காந்துகினு கீறோம்மா," என்றார் விவசாயி, நான் போய் நின்றதும். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு இரண்டு சொல்லித் தப்பித்திருப்பேன். பட்டுப்புடவையை மாற்றாமல் மகள் கதவோரம் நின்றிருந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மொபெட்டை எடுத்துக்கொண்டு, செங்கல்பட்டுப் பக்கம் இருந்த மாப்பிள்ளை வீட்டுக்கே போய் நின்றேன். நிலம் எங்கேயும் போகாது, ஒரு பாத்தியை நான்தான் பட்டினி போட்டிருக்கிறேன் என்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் மூச்சு விடாமல் விளக்கினேன்.

"வேணும்னே பயிர பட்டினி போடுவீங்களா? இதுக்கு கவர்மெண்ட்டு சம்பளம் குடுக்குதா?"

"குடுக்குதும்மா."

அந்த அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுக் காபி கொடுத்தார். பிறகு தோட்டத்து மண்ணை ஒரு கவரில் அள்ளிவந்து, கத்திரிச் செடி ஏன் வாடுது என்று கேட்டார். தோட்டத்துக்குப் போய் ஒரு செடியை வேரோடு பிடுங்கிப் பார்த்து, தண்ணீர் தேங்குகிறது, வடிய வழி செய்யுங்கள் என்றேன். அதன் பிறகுதான் என்மேல் நம்பிக்கை வந்தது. "அடுத்த வாரம் வரோம்னு சொல்லிடு மேடம்," என்றார்.

கிளம்பும்போது மாப்பிள்ளை பின்னாலேயே வந்தார். உள்ளே கேட்காத குரலில், "மேடம், பொண்ணுக்கு என்னப் புடிச்சிருக்கா? போட்டோ குடுத்தோம். யாருமே ஒண்ணும் சொல்ல மாட்றாங்க," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பயிருக்காகவும் நிலத்துக்காகவும் வாய் கிழியப் பேசியிருந்தேனே தவிர, அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

திரும்பி வந்தபோது அவள் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். வருகிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு நேராக உள்ளே போனேன். அவள் ஆறிப்போன கேசரியை டப்பாவில் வழித்துக்கொண்டிருந்தாள்.

"தன்னைப் பிடிச்சிருக்கான்னு மாப்பிள்ளை உன்கிட்ட கேக்கச் சொன்னார்."

"யாரு, அவரா கேட்டாரு?"

"அவரேதான்."

கரண்டி நின்றது. "இத்தினி பேர்ல ஒருத்தரும் கேக்கலக்கா," என்றாள். டப்பாவை மூடித் தள்ளிவைத்தாள். பிறகு முகம் மலர்ந்துவிட்டது.

"வரச் சொல்லுக்கா. ஆனா, இந்த வாட்டி யாரு சொன்னாலும் வண்டியத் திருப்பக் கூடாதுன்னு சொல்லு."