கடைசிப் பக்கத்தில் நான் வாசித்தது

சிறுவர் நாவல் ஒன்றைப் படித்தவர்கள் எழுதிய கருத்துகளைப் பேத்தி தன் போனில் வாசித்துக் காட்டினாள். சிரித்துச் சிரித்துப் படித்ததாகவும் முடிவில் அழுததாகவும் பலர் எழுதியிருந்தார்கள். சிறுவனாக இருந்தபோது நானும் படித்த நாவல்தான். "நீங்களும் ஒரு கருத்து சொல்லுங்க தாத்தா" என்றாள். எனக்கு நினைவுக்கு வந்தது அதன் கடைசிப் பக்கம்தான்.

போடியில் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியில் பெரியம்மாவும் வேறு சில பெண்களும் காய் தரம் பிரிப்பார்கள். கண்ணும் கையும் முறத்தில் இருக்கும். காது சும்மாதான் இருக்கும். ஒரு கோடை விடுமுறையில் அவர்களுக்கு அந்த நாவலை வாசித்தேன். அம்மா அடித்ததால் ஓடிப்போகும் ஒரு பையனும் ஓர் ஆடும் லாரி ஏறி ஊர் ஊராகச் சுற்றும் கதை. போலீஸ்காரரின் தொப்பியை ஆடு தின்றபோது, "எங்க வீட்டு ஆளும் இப்படித்தேன், கண்டதையும் திங்கும்" என்றாள் ஒருத்தி. கிட்டங்கியே சிரித்தது.

பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. "ஏலே, அவன் ஆத்தா தேடுனாளான்னு போட்டிருக்காகளா?" என்பார். வேடிக்கையான இடம் வரும்போதெல்லாம் இதே கேள்வி. எனக்கு எரிச்சலாக வந்தது.

கடைசிப் பக்கத்தில் பையன் வீடு திரும்புவான். அம்மா அவனுக்குச் சோறு போடுவாள். பெரியம்மாவைச் சீண்டுவதற்காக நான் மாற்றி வாசித்தேன். பையன் வந்தான், கதவு சாத்தியிருந்தது, தன்னை யாரும் தேடவில்லை என்று நினைத்துத் திரும்பிப் போய்விட்டான்.

பெரியம்மாவின் கை நின்றது. "புஸ்தகத்துல அப்படியா போட்டிருக்காக?"

"ஆமா பெரியம்மா."

"தட்டிப் பாக்கலியா அவன்?"

"இல்ல."

பெரியம்மாவின் மகன் கேரளத்தில் எஸ்டேட் வேலைக்குப் போயிருப்பதாகத்தான் பிள்ளைகளான எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். பெரியம்மா விறகுக் கட்டையால் அடித்ததில் ஓடிப்போனவர் அந்த அண்ணன் என்பது, பெரியம்மா இறந்த பிறகே எனக்குத் தெரிந்தது. அண்ணன் வரவேயில்லை. அதற்குமேல் உண்மையான முடிவை யாரிடம் சொல்வது?

அந்தக் கோடையிலிருந்து பெரியம்மா வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. ஆடிக் காற்று மண்ணை அள்ளி வந்து சோற்றில் கொட்டும். "இவளுக்கு என்ன, கிறுக்கா?" என்று பெரியப்பா திட்டுவார். பக்கத்து வீட்டிலிருந்த நான், உதவி செய்வதாக நினைத்து, ஓடிப்போய் அந்தக் கதவைச் சாத்திவிட்டு வருவேன்.