மெயின் சுவிட்ச்

வீட்டைப் பூட்டும்போது மெயின் சுவிட்சைக் கீழே இழுத்துவிடுவது ரப்பர் தோட்டத்தில் இருந்த நாளிலிருந்தே எனக்குப் பழக்கம். தொழிலாளர் லயத்து வீட்டில் இரண்டு விளக்கும் ஒரு விசிறியும்தான். கடைசியாக வெளியேறுபவர் அணைக்க வேண்டும். பாடாங் செராயில் மகளோடு குடியேறிய பிறகும் டிவி, சார்ஜர் என்று எல்லாவற்றையும் அணைத்துக்கொண்டே திரிவேன். துணிகளைச் சேர்த்துவைத்து ஒரே தடவையாகத் தேய்ப்பேன்.

"அப்பாவ விட்டா சூரியனையும் அடைச்சிருவாரு லா," என்பாள் மகள்.

அவளுக்குக் கூலிம் தொழிற்சாலையில் வேலை. ஐந்து மாதக் குழந்தைக்காகத் தன் பாலை எடுத்துச் சிறு பைகளில் உறையவைத்திருப்பாள். சென்ற வருடம் அவளைப் பயிற்சிக்காக இரண்டு நாள் பினாங்குக்கு அனுப்பினார்கள். நானும் மனைவியும் குழந்தையோடு, வேண்டிய பைகளை ஐஸ் டப்பாவில் எடுத்துக்கொண்டு, யான் என்ற ஊரில் இருக்கும் கொழுந்தியாள் வீட்டுக்குப் போனோம். வீட்டைப் பூட்டியது நான்.

மறுநாள் காலை நான் மட்டும் முன்னதாகத் திரும்பினேன். குளிர்ப்பெட்டியின் அடியில் தண்ணீர். மிச்சமிருந்த பைகள் கையில் தளதளவென்று ஆடின. சுவிட்சை மேலே தள்ளினேன். தரையைத் துடைத்தேன்.

மதியம் பார்த்தபோது பைகள் மறுபடி இறுகத் தொடங்கியிருந்தன. மாலைக்குள் கல்லாகிவிடும். நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. இரவு மனைவியும் குழந்தையும் வந்துவிடுவார்கள். விடிந்ததும், ஒரு நாள் கரைந்து கிடந்த இதைத்தான் குழந்தைக்குக் கொடுப்போம். சொல்வதென்றால் மகளிடம் அந்தப் பாலைப் பற்றிப் பேச வேண்டும். பால் எடுக்கும் கருவி மேசையில் இருந்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவன் நான். மனைவிக்கு மூன்று முறை போன் அடித்தேன். எடுக்கவில்லை.

ஆறு மணிக்கு மகள் வந்தாள். புதுப் பைகளை வைக்க நேராகக் குளிர்ப்பெட்டியைத் திறந்தாள்.

"அத குடுக்காத மா," என்றேன்.

"எதப்பா?"

"உள்ள இருக்கிறத. நேத்து மெயின அடைச்சிட்டுப் போய்ட்டேன். எல்லாம் கரைஞ்சி, திரும்ப ஒறைஞ்சிருக்கு."

ஒரு பையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"நேத்து எத்தன மணிக்கி?"

"காலைல. பத்து இருக்கும்."

"ஒரு மாசம் பா. ரெஸ்ட் டைம்ல சாப்டாம எடுத்தது."

பைகளைச் சிங்கில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள். பிறகு கத்தரிக்கோலை என்னிடம் நீட்டினாள்.

"வாங்க. தனியா என்னால ஊத்த முடியாது."

ஒவ்வொரு பையிலும் அவள் கையெழுத்தில் தேதி இருந்தது. ஒவ்வொன்றையும் படித்துவிட்டுத்தான் வெட்டினேன்.

இப்போதும் டிவியையும் சார்ஜரையும் அணைக்கிறேன். வெளியே போகும்போது கதவைச் சாத்திவிட்டு மறுபடியும் திறந்து, குளிர்ப்பெட்டி ஓடும் சத்தத்தைக் கேட்ட பிறகே பூட்டுகிறேன்.