தையலுக்கு விட்ட ஒரு இஞ்ச்

சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து, குதிகாலைத் தரையோடு தரையாகத் தன் பக்கம் இழுக்கிறார் தையல்கடை மாஸ்டர். எதுவரை வந்தது என்று சாக்பீஸால் ஒரு கோடு. கோடு குதிகால் நின்ற இடத்தில் விழுவதில்லை. ஒரு இஞ்ச் தள்ளி, அவர் பக்கமாகவே விழுகிறது. மடங்காத முட்டி மடங்கியதாகக் கணக்கு. கேட்டால், "தையலுக்கு விடணும்ல?" என்பார்.

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து உடைத்துக்கொண்ட முட்டி. எலும்பு கூடிவிட்டது, முட்டிதான் முரண்டு பிடிக்கிறது. அது மடங்கினால்தான் மெஷினில் உட்கார்ந்து மிதிக்க முடியும். பயிற்சி சொல்லிக்கொடுக்க வருகிற பெண்ணிடமும் கடையில் அளந்த கதையையே அளக்கிறார்.

"முக்கால்வாசி முடிஞ்சிருச்சும்மா. நாளைக்கு வந்து பாருங்க."

அவளுக்கு இந்தப் பாட்டு புதிதல்ல. அவள் தைக்கக் கொடுத்த சுடிதார் துணி, மாஸ்டர் விழுவதற்கு முன்பிருந்தே கடையில் தூங்குகிறது.

மழை பெய்தால் முட்டி குடைகிறது, வெயில் அடித்தால் தலை வலிக்கிறது. விருந்தாளி வந்துவிட்டால் அன்றைக்கு லீவு. வீட்டுக்காரி மடக்கிவிட உட்கார்ந்தால், கொஞ்சம் மடங்குவதற்குள் "போதும் போதும்" என்று அலறுவார். அவளும் பாவம் பார்த்து விட்டுவிடுவாள்.

போன வாரம் பயிற்சிக்கு வந்த பெண் சாக்பீஸ் கோட்டைப் பார்த்து எப்போதும்போலச் சிரிக்கவில்லை. இந்த மாதத்துக்குள் மடங்காவிட்டால் இப்படியே இறுகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனாள். மாஸ்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் அடுத்த தெரு டீச்சரம்மா வந்தார். கல்யாணமான நாளிலிருந்து வேறு கடை வாசலை மிதிக்காதவர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"தப்பா நினைக்காதீங்க மாஸ்டர். துணியக் குடுத்துட்டீங்கன்னா வேற எங்கயாவது தச்சுக்குவேன்."

வீட்டுக்காரி கடையைத் திறந்து எடுத்து வந்து கொடுத்தாள். கத்தரி படாத துணி, மடிப்புக் கலையாமல் வாசல் தாண்டிப் போனது. மாஸ்டருக்கு முகம் செத்துப்போனது. வலித்தது, முட்டியில் அல்ல.

அன்று அவராகவே பாயை விரிக்கச் சொன்னார். வீட்டுக்காரி கணுக்காலைப் பிடித்து மடக்கினாள். வழக்கமாக அலறும் இடம் வந்தது, போனது. அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டதைப் பார்த்ததும் அவள் பிடி தளர்ந்தது.

"விட்டுரவா?"

மாஸ்டர் அவள் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினார்.