மே முதல் வாரத்துக் குரல்கள்

தேதி போடாத காகிதம் எனக்கு ஆகாது. திருவனந்தபுரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் மொழித்துறை அலுவலகத்தில் வேலை பார்த்தபோது, துறைக் கோப்புகள் எல்லாவற்றின் பெயரும் தேதியில்தான் தொடங்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தவன் நான். நாள், மாதம், வருடம்: கையால் எழுதுகிற அதே வரிசை. யாரும் மறுக்கவில்லை.

கோப்புகள் இருந்தது இசட் டிரைவில். கணினி மையத்தில் எங்கோ இருக்கிற வட்டு அது; எங்கள் எல்லோருடைய கணினியிலும் தெரியும். ஓணம் விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அது நிரம்பிவிட்டது. பழைய வருடங்களின் ஒலிப்பதிவுகளைத் தனி வட்டில் ஏற்கெனவே ஏற்றியிருந்ததால், டிரைவிலிருந்து அவற்றை அழிக்க உட்கார்ந்தேன். பெயர் வரிசையில் அடுக்கினேன். மேலே நின்ற நாலைந்தும் வெகு பழையவை. அது போதுமென்று மேல்பாதியை அப்படியே அழித்துவிட்டு வலியசாலையில் இருக்கும் வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

விடுமுறை முடிந்த திங்கட்கிழமை ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தாள். மலைமேல் போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள். தோட்டத்து முதியவர்களின் பேச்சைப் பதிவு செய்து ஆராய்கிறவள்.

"சார், என் மே மாச ரெக்கார்டிங் பதினொண்ணும் காணல."

திரையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. நாள் முன்னால் நிற்கும் பெயர்களைக் கணினி நாளை வைத்துத்தான் அடுக்கும். எந்த வருடத்து ஒன்றாம் தேதியானாலும் மேலே வந்துவிடும். அவள் பதிவு செய்தது இந்த வருடம் மே முதல் வாரத்தில். துறையின் ரெக்கார்டரை அடுத்தவருக்குக் கொடுக்கும்போது உள்ளே இருப்பதை அழித்துவிடுவது எங்கள் வழக்கம். இசட் டிரைவில் இருந்தால் போதும், வேறு பிரதி வேண்டாம் என்று அவளிடம் சொன்னதும் நான்தான். அந்தப் பதினொருவரில் ஒரு மூதாட்டி ஜூலையில் இறந்துவிட்டார்.

பொது டிரைவில் அழித்தது நம் கணினியின் குப்பைத்தொட்டிக்கு வராது. கணினி மையத்துக்கு ஓடினேன். அங்கே இருந்த மலையாளி பழைய சிநேகிதர்.

"டிரைவுக்கு டெய்லி பேக்கப் காப்பி உண்டு சாரே. பக்ஷே ஏழு திவசம்தான் நிக்கும். ஓணத்துக்கு ஒம்பது திவசம் லீவல்லே? பாயசமெல்லாம் குடிச்சு முடிச்சு ஆடிப்பாடி வந்தா எப்படி?" என்றவர், ஏழு நாள் கடந்துவிட்டது உறைத்த என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "இரிங்க சாரே. கொஞ்சம் வெள்ளம் குடிங்க" என்று தண்ணீர்ப் புட்டியை நீட்டினார்.

மாணவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டட்டும் என்று நின்றேன். அவள் பையிலிருந்து பேசியவர்களின் பட்டியலை எடுத்தாள்.

"பேசினவங்க வீட்டுப் போன்ல, ரெக்கார்டர்லேருந்து ஒயர் போட்டு அன்னிக்கே ஏத்திக் குடுத்திருக்கேன் சார். குரலை வாங்கிட்டுச் சும்மா எந்திரிச்சு வரக்கூடாதில்ல? அவங்க வச்சிருந்தா உண்டு."

சனிக்கிழமை இருவரும் புறப்பட்டோம். எஸ்டேட்டில் வீடு வீடாக ஏறி ஒன்பது குரல்களை மீட்டோம். ஒருவர் போனை விற்றிருந்தார். "அதுக்கென்ன, மறுபடி பேசிட்டாப் போச்சு" என்று அப்போதே உட்கார்ந்து பேசினார். மிஞ்சியது மூதாட்டியின் குரல். அவர் மகன் மலையடிவாரத்து வித்துரா சந்தையில் பழக்கடை வைத்திருந்தார்.

விஷயத்தைக் கேட்டவர் தலையைச் சொறிந்தார். "போன் நெறஞ்சு போச்சுன்னு போன மாசந்தான் எல்லாத்தையும் அழிச்சேன் சார்."

ஒரு பழக்கூடையை நகர்த்திவிட்டு அவரே தொடர்ந்தார்.

"கல்யாண வீடியோவும் போச்சு. வீட்டுக்காரி இன்னும் மொகங்குடுத்துப் பேசல. அம்மை பேசுனது மட்டும் கெடக்கு. ஒவ்வொண்ணாக் கேட்டுப் பாத்துல்லா அழிச்சேன்."

அவர் போனைத் தட்டினார். சந்தை இரைச்சலுக்கு நடுவே ஒரு கரகரத்த குரல், பதிவு தொடங்கியது தெரியாமல், "இந்தப் புள்ளைக்கு யாராச்சும் சாயா குடுத்தீங்களா?" என்று கேட்டது. மாணவி துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள்.

நான் ஒயரை மாட்டி, இரண்டு இடத்தில் பிரதி எடுத்து, இரண்டையும் கடைசிவரை கேட்டேன். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் சொன்னாள்: "அண்ணே, இதை நீங்களும் வச்சுக்கிடுங்க. எங்க சாரை மட்டும் நம்பிராதீங்க."

அந்த வாரத்தில் அவள் அப்போதுதான் சிரித்தாள்.